ஏழாம் வகுப்பு அயர்லாந்து போகிறது

நேற்று மூன்றாவது மாடிவரை ஜல்லி சுமந்ததில் சித்தாளுக்குக் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. ஆனாலும் விமான நிலையம் போகும் பஸ் கிளம்புவதற்குள் மகளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும் என்று ஓட்டமும் நடையுமாகப் பள்ளிக்கூட வாசலுக்கு வந்து சேர்ந்தாள்.

“அயர்லாந்து போறவங்க பஸ் இதுதானேம்மா?”

பக்கத்தில் நின்ற வக்கீலம்மா, சிமெண்ட் படிந்த அவள் காலை ஒரு பார்வை பார்த்தாள். “ஆமா. உங்க பொண்ணும் போறாளா?”

“ஏழாங்கிளாஸோட போறா.”

“என் பையனும் அதேதான். உங்களுக்கு எப்படிக் கட்டுப்படியாச்சு?”

“எங்ககிட்ட பள்ளிக்கூடம் ஒண்ணும் வாங்கலம்மா.”

“ஓ, இலவசமா? குடுத்து வச்சவங்கதான். என் பையனுக்கு ஷூ லேஸ்கூடக் கட்டத் தெரியாது. ஒரு வாரம் என்ன செய்யப்போறானோ!”

“கவலைய விடுங்க. எம்பொண்ணு பார்த்துக்குவா.”

“அவளே சின்னப் பொண்ணு, அவ எங்க பார்க்கிறது!”

அப்போது கழுத்தில் விசிலோடு ஒருத்தி பஸ்ஸிலிருந்து இறங்கினாள். வக்கீலம்மா பாய்ந்து போய் அவள் கையைப் பிடித்தாள். “மிஸ், உங்களை நம்பித்தான் பையனை அனுப்பறேன்!”

“நான் இருக்கேன், பயப்படாதீங்க” என்ற மிஸ், சித்தாளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தாள். “அம்மா! வேலைக்குப் போகாம இங்க எதுக்கு வந்த?”

வக்கீலம்மா பிடித்திருந்த கையை விட்டாள். சித்தாள், தலையில் சுமை இருப்பதுபோல் நேராக நிமிர்ந்து நின்றாள்.

“சும்மாதான். பத்திரமாப் போயிட்டு வா.”

பஸ் புறப்பட்டது. மகள் ஏழாம் வகுப்பில் படித்தபோது, சுற்றுலா போகணும் என்று கேட்டதற்காகச் சித்தாள் அவளைக் கன்னத்தில் அறைந்திருந்தாள். அதற்கு இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.