முதல் கிரேடு

"ஐயோ, முதல் கிரேடுங்களா?" என்று வாய்விட்டு அழுதுவிட்டாள் ராமாயி.

டாக்டர் வித்யாஸ்ரீ பயாப்ஸி ரிப்போர்ட்டை மேசையில் வைத்தார். நாமக்கல்லில் ஆறு வருடமாக மார்பகப் புற்றுநோய்க்கு வைத்தியம் பார்க்கிறார். கிரேடு ஒன்று என்றதும் அழுத ஆளை இன்றுதான் பார்க்கிறார்.

"எதுக்கும்மா அழறீங்க?"

"நாங்க மலை மேல வாழவந்தி நாட்டுல மிளகு போடறவங்க. முதல் கிரேடுன்னா நல்லாத் திரண்டு, கெட்டியா, எடை நிக்கறதுங்க. உள்ள ஒண்ணுமில்லாத பொக்குதான் மூணாவது. கட்டியே முதல் கிரேடுன்னா பொழைக்க வழி ஏதுங்க?"

டாக்டர் சிரிக்கவில்லை. "இங்க தலைகீழும்மா. கட்டியில கொஞ்சூண்டு எடுத்து மைக்ராஸ்கோப்புல வச்சு மூணு விஷயம் பாப்பாங்க. பழைய அமைப்பு எவ்வளவு மிச்சம் இருக்கு, செல்லு எவ்வளவு உருமாறியிருக்கு, எவ்வளவு வேகமாப் பெருகுது. ஒவ்வொண்ணுக்கும் ஒண்ணுலேர்ந்து மூணு வரைக்கும் மார்க். குறையக் குறைய நல்லது. ஒன்பதுக்கு நாலுதான் வந்திருக்கு. மெதுவா வளர்ற ரகம்."

"மூணாவது கிரேடுன்னா?"

"அதுதான் வேகமாப் பரவறது. இது அதில்லை. கட்டியும் சின்னது, அக்குள்ல நெறி கட்டலை. இப்பவே எடுத்துட்டா பல வருஷம் நல்லா இருக்க வாய்ப்பு அதிகம்."

ராமாயிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு புருஷனைப் பார்த்தாள். கருப்பண்ணன் சுற்றாத ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"திங்கக்கிழமை ஆபரேஷன் வச்சுக்கலாம். ஒரு பக்கம் முழுசா எடுக்கணும்" என்றார் டாக்டர்.

கருப்பண்ணன் அப்போதுதான் வாயைத் திறந்தான். "ஊருக்குத் தெரியாமச் செய்ய முடியுங்களா?"

"தெரிஞ்சா என்னங்க?"

"தலை நிமிந்து நடக்க முடியாதுங்க. மாரை எடுத்துட்டாங்கன்னு ஆளாளுக்குப் பேசுவாங்க."

"ஏனுங்க, உசுரை விடவா ஊர்ப் பேச்சு?" என்றாள் ராமாயி.

டாக்டரின் குரல் கொஞ்சம் கடுமையானது. "மெதுவா வளரும்னுதான் சொன்னேன். வளராதுன்னு சொல்லலை. நாளைக்குள்ள முடிவு பண்ணிப் போன் பண்ணுங்க."

மலைக்குத் திரும்பும் பஸ்ஸில், சேந்தமங்கலத்தில் ஏறினாள் அடுத்த வீட்டுப் பெருமாயி. நேராக வந்து ராமாயி பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். ஊரில் விசாரித்தவர்களிடம் ராமாயி, 'மாருல கட்டி' என்று மட்டும் சொல்லியிருந்தாள். அதை வைத்து ஊர் அவளுக்கு நாளே குறித்துவிட்டது.

"உனக்குப் போயி இப்படி வரோணுமா கண்ணு?"

"கிரேடு ஒண்ணுதானாம்க்கா. மெதுவா வளர்றதாம். திங்கக்கிழமை எடுத்துட்டாச் சரியாப் போயிரும்னு சொன்னாங்க."

"அப்படித்தான் சொல்லுவாங்க. அரியூர்ல எங்க நாத்தனாளுக்கும் இதையேதான் சொன்னாங்க. ஆறு மாசம் தாங்கல."

கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கின. பெருமாயி வளைவுக்கு ஒருத்தர் வீதம் புற்றுநோயில் செத்தவர்களைச் சொல்லிக்கொண்டே வந்தாள். எழுபது வளைவுக்கும் ஆள் வைத்திருப்பாள் போலிருந்தது. நல்லவள்தான். யார் வீட்டில் எது நடந்தாலும் முதல் ஆளாக வந்து நிற்பாள். அதுதான் தொந்தரவு.

ஜன்னலோரம் இருந்த கருப்பண்ணன் பக்கம் திரும்பினாள்.

"தம்பி, நீயும் மனசைத் தேத்திக்க. நாப்பத்தஞ்செல்லாம் ஒரு வயசா? நாளைக்கு ஒண்ணு ஆயிப்போச்சுன்னா உனக்குச் சோறாக்கிப் போட ஆள் வேணுமில்ல? எங்க சித்தப்பன் மக ஒருத்தி இருக்கறா. காட்டு வேலையெல்லாம் செய்வா. ராமாயி முன்னாலயே சொல்றேன்னு தப்பா நெனைக்காத. தெரிஞ்சா அவளுக்கும் ஒரு நிம்மதிதானே?"

ராமாயி குனிந்த தலை நிமிராமல் அழுதாள். முன் சீட்டுக்காரர்கள் ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்தார்கள்.

கருப்பண்ணன் எழுந்து நின்றான். பஸ் ஒரு பக்கம் சாய்ந்து திரும்பியது. மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, டிரைவர் வரைக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்.

"அக்கா, எனக்குப் பொண்ணு பாக்க வேண்டாம், இவளுக்கு ஒரு மாப்பிள்ளையைப் பாத்து வைங்க. திங்கக்கிழமை ஆபரேசன் எனக்கு. மாருல கட்டியும் எனக்குத்தான்."