பிளாஸ்டிக் தொட்டியில் வாழைப்பழத் தோல்

பள்ளிகளில் சுற்றுச்சூழல் வகுப்பு எடுக்கப்போகும் தொண்டர்களான எங்களுக்கு அன்று கடைசிப் பயிற்சி. ஒருவர் டீச்சராக நிற்க வேண்டும், மற்றவர்கள் பிள்ளைகளாக உட்கார வேண்டும். நன்றாக நடத்துபவர்தான் குழுவுக்குத் தலைவி.

மூன்று வாரமாகக் குறிப்பெடுத்துக் கை ஓய்ந்தவள் நான். கைத்தட்டல் எல்லாம், சும்மா துணைக்கு வந்த அந்த முன்வரிசை அம்மாளுக்கு! எனக்கு வயிற்றெரிச்சல் தாங்கவில்லை.

டீச்சராக நிற்கும் முறை வந்ததும் அவர் குப்பை பிரிப்பதைப் பற்றிப் பாடத்தை ஆரம்பித்தார். நான் வேண்டுமென்றே வாழைப்பழத் தோலைப் பிளாஸ்டிக் குப்பைக்கான தொட்டியில் வீசினேன்.

"அங்க போடக்கூடாது தங்கம்."

"அப்படித்தான் போடுவேன்!"

"சரி, போடு. ஆனா பாவம், அந்தத் தோலு மண்ணுக்குப் போகணும்னு அழுவுதே. நீயே கொண்டுபோய் விட்டுட்டு வர்றியா?"

கூடமே சிரித்தது. வேறு வழியில்லாமல் நானே எழுந்துபோய்த் தோலை எடுத்தேன்.

பயிற்சியாளர் எழுந்து நின்று கைதட்டினார். "நீங்கதாம்மா தலைவி! இவ்வளவு அடங்காத பிள்ளையைக் கோபமே படாம எப்படிச் சமாளிச்சீங்க?"

"இவ என் மருமகதாங்க" என்றார் அந்த அம்மாள். "பத்து வருஷமா வீட்லயும் தோலை அங்கதான் போடுறா."