குழாய்மேல் பீப்பாய்

சட்டை தைத்துப் பிழைக்கும் ஹொனோராவின் கண்ணெதிரே தையல்காரர் சங்கக் கூடம் கொழுந்துவிட்டு எரிந்தது. தெருவில் இருந்த ஒரே தண்ணீர்க்குழாயைப் பீப்பாயால் மூடி, அதன்மேல் மகாராஜா மாதிரி உட்கார்ந்திருந்தான் ரஃபர்ட்டி. அவன் கும்பலின் தீயணைப்பு வண்டி வரும்வரை வேறெந்த வண்டிக்கும் தண்ணீர் கிடையாது. அந்தக் காலத்து நியூயார்க்கில் தெருக் கும்பல்களே தீயணைப்பு வண்டி வைத்திருந்தன; யார் முதலில் தண்ணீர் அடிப்பது என்பது கௌரவப் பிரச்சினை. முதலில் வந்த வண்டிக்காரர்களை அவனுடைய ஆட்கள் அடித்து விரட்டினார்கள்.

"உழைக்கிறவனெல்லாம் ஒரே சாதின்னு நேத்து இந்தக் கூடத்துலதானே தொண்டை கிழியக் கத்துன? எந்திரிடா," என்றாள் ஹொனோரா.

"எங்க வண்டி வரட்டும்."

மணியடித்துக்கொண்டு அது வந்தபோது கூடத்தின் கூரை விழுந்துவிட்டது. தீ பக்கத்திலிருந்த கும்பலின் சாராயக்கடைக்குத் தாவியது. ரஃபர்ட்டி பதறி எழுந்தான். ஹொனோரா பீப்பாய்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"எங்க வண்டியும் வரட்டும்," என்றாள், வண்டியே இல்லாத சங்கத்துக்காரி.