எட்டு செகண்டு

“பொய் சொல்றீங்க!”

கப்பல் கம்பெனி வக்கீல் போட்ட அதட்டலில், சாட்சிக் கூண்டில் நின்ற பாலத்துக் கேட்காரரின் கைக்குட்டை நழுவிக் கீழே விழுந்தது. குனிந்து எடுக்கக்கூடப் பயந்து அப்படியே நின்றார்.

“கப்பல்ல விளக்கெல்லாம் அணைஞ்சதைப் பார்த்தேன், அதான் பாலத்துக் கேட்டைப் போட்டேன்னு போலீஸ்ல சொல்லியிருக்கீங்க. அன்னிக்குக் காலையில ஆத்து மேல ஒரே மூடுபனி. பத்தடி தள்ளி நிக்கற ஆள் தெரியல. உங்களுக்கு மட்டும் கப்பல் தெரிஞ்சுதா?”

கேட்காரர் முன்வரிசையைப் பார்த்தார். அங்கே ஐந்து பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். கப்பல் மோதிப் பாலம் சரிந்தபோது நடுப்பாலத்தில் தார் போட்டுக்கொண்டிருந்த ஐந்து பேரின் மனைவிமார்கள். கேட்டைப் போட்டதால் பஸ், லாரி எல்லாம் தப்பின. அந்த ஐந்து பேருக்குத்தான் ஓடிவர நேரம் போதவில்லை.

வழக்கு ஒரே கேள்வியில் தொங்கிக்கொண்டிருந்தது. கப்பலில் கரண்ட் போனது யாரும் எதிர்பாராத விபத்து என்றால், கம்பெனி கட்ட வேண்டியது அடிபட்டு நிற்கும் கப்பலின் விலை மட்டும்தான். பாலத்துக்காக அரசாங்கமும் அதில்தான் பங்கு கேட்கும். இந்தப் பெண்களுக்குக் கிள்ளித்தான் கொடுப்பார்கள். கோளாறு முதலாளிக்கு முன்கூட்டியே தெரியும் என்று நிரூபணமானால் அந்த வரம்பு கிடையாது. முழு நஷ்டஈடும் அவர் தலையில் விடியும்.

அந்தப் பெண்களுக்காக வாதாடிய எதிர்த்தரப்பு வக்கீல் மூன்று நாளாகத் தலைகீழாக நின்றும் அவரால் அதை நிரூபிக்க முடியவில்லை. ‘கப்பலிலிருந்து பாலத்துக்கு ஒரு எச்சரிக்கைகூட வரவில்லை’ என்ற பழியை மட்டும் போட்டுவிட்டு ஓய்ந்து உட்கார்ந்திருந்தார். அதையும் துடைத்துவிட்டால் கம்பெனி வக்கீலுக்கு முழு வெற்றி. அதற்கான தாள் அவர் கையில் இருந்தது.

“இது போன் கம்பெனி கொடுத்த லிஸ்ட். மோதறதுக்கு மூணு நிமிஷம் முன்னாடி, கப்பல்ல இருந்து உங்க செல்லுக்கு ஒரு போன். எட்டே செகண்டு. பேசினது அந்தக் கப்பல்ல வேலை பார்க்கற உங்க மருமகன்தானே?”

கேட்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். “அவரை இதுல இழுக்காதீங்க சார். மாப்பிள்ளை இன்னும் அந்தக் கப்பல் கம்பெனியிலதான் வேலை பார்க்கறார். என் பொண்ணுக்கு இது ஏழாம் மாசம்.”

அட, இதுதான் பயமா? வக்கீலுக்குச் சிரிப்பு வந்தது. மருமகனைப் போன வாரமே தன் ஆபீசுக்குக் கூப்பிட்டு விசாரித்திருந்தார். ‘கேட்டைப் போடச் சொன்னேன் சார், அவ்வளவுதான்’ என்று அவன் பெட்டிப்பாம்பாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தான். மாப்பிள்ளைக்கே நல்ல பேர் தரும் விஷயத்தை இந்த மனுஷன் எதற்கு மூடி மறைக்கிறார்?

“உங்க மாப்பிள்ளை தப்பா எதுவும் பண்ணலையே! எத்தனை உசிரைக் காப்பாத்தியிருக்கார்! அவர் வேலைக்கு ஒரு ஆபத்தும் வராது. கம்பெனி சார்பா நான் சொல்றேன்.”

“நீங்க சொல்வீங்க சார். முதலாளி சொல்லணுமே?”

வக்கீல் திரும்பிக் கண்ணைக் காட்டினார். பின்னால் உட்கார்ந்திருந்த முதலாளி அரைமனதாக எழுந்தார். “இந்த வழக்குல என்ன வெளிய வந்தாலும் அவரை வேலையை விட்டு எடுக்க மாட்டேன். போதுமா?”

“பதிவு பண்ணிக்குங்க” என்றார் நீதிபதி. தட்டச்சு செய்யும் பெண்ணின் விரல்கள் ஓடின.

கேட்காரர் அந்த விரல்கள் நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகுதான் நிமிர்ந்தார்.

“போன் பண்ணினது மாப்பிள்ளைதாங்க.”

“எட்டு செகண்டு. அதைக் கேட்டதும் நீங்க எதிர்க்கேள்வி போடல, மேலதிகாரிகிட்ட அனுமதி வாங்கல. உடனே கேட்டைப் போட்டுட்டீங்க. சரியா?”

“சரிதாங்க. அவர் சொன்னதுமே எனக்கு விளங்கிடுச்சு. கேக்கறதுக்கு ஒண்ணும் இல்ல.”

எதிர்த்தரப்பு வக்கீல் தலையில் கைவைத்துக்கொண்டார். முன்வரிசைப் பெண்களில் ஒருத்தி சத்தம் வராமல் அழ ஆரம்பித்தாள். கப்பலிலிருந்து எச்சரிக்கை போயிருக்கிறது. இருந்த ஒரு பழியும் போயிற்று.

நம் வக்கீல் அத்தோடு உட்கார்ந்திருக்கலாம். ஜெயிக்கிற நேரத்தில் யாருக்குத்தான் உட்கார மனசு வரும்? அந்த எச்சரிக்கை வார்த்தைக்கு வார்த்தை கோர்ட் பதிவில் ஏற வேண்டும், நாளைக்குப் பேப்பரில் வர வேண்டும் என்று அவருக்கு ஆசை வந்துவிட்டது.

“கடைசியா ஒண்ணே ஒண்ணு. உங்க மருமகன் போன்ல என்ன சொன்னாரோ, ஒரு வார்த்தை விடாம அப்படியே இந்தக் கோர்ட்டுக்குச் சொல்லுங்க.”

பின்னால் முதலாளி சட்டென்று எழுந்து, வேண்டாம் என்று கையை ஆட்டினார். நீதிபதியைப் பார்த்து நின்ற வக்கீலின் கண்ணில் அது படவில்லை.

கேட்காரர் அழுதுகொண்டிருந்த பெண்ணைப் பார்த்தபடியே சொன்னார்.

“‘மாமா, கரண்ட் போயிடும்னு நேத்தே முதலாளிகிட்ட சொன்னேன்ல, போயிடுச்சு, கேட்டைப் போடுங்க!’ன்னார் சார்.”