துவைக்கப் போட்ட அங்கிகள்

“ஒடெஸா, கோர்ட்டுல நான் சாட்சி சொன்னப்ப, மகா டிராகன் மூஞ்சி போன போக்கைப் பார்த்தியா?”

துணி உலர்த்திக்கொண்டிருந்த ஒடெஸா, வாயில் கவ்வியிருந்த கிளிப்பை எடுத்துவிட்டுச் சிரித்தாள். “எங்க கறுப்பு ஆளுங்களுக்கு மாடியிலதானே இடம் விட்டாங்க, மிஸ்டர் வெண்டெல்? அங்கேருந்து அவர் வழுக்கைதான் தெரிஞ்சுது.”

மகா டிராகன் என்பது வெள்ளை இனவெறிக் கூட்டத் தலைவரின் பட்டம்; அதைத் தாங்கியவர் கிளைபோர்ன். அலபாமாவின் அந்தச் சிற்றூரில் பகலெல்லாம் கோழித்தீவனம் விற்பவர்; முக்காடு போட்டுவிட்டால் வெள்ளை இனத்தின் காவலர். கறுப்பர்களின் வீடுகளைக் கொளுத்துவது அவருடைய கூட்டத்தின் திருப்பணி. முகம் தெரியக் கூடாது என்று முக்காடு போட்ட அந்த வீரர்கள், அங்கிகளைத் துவைக்க மட்டும் கறுப்புச் சலவைக்காரி ஒடெஸாவிடமே மூட்டை கட்டி அனுப்பினார்கள். கஞ்சி மொடமொடவென்று நிற்க வேண்டுமாம்.

வெண்டெல் மூன்று வருடம் அந்தக் கூட்டத்துக்குள் இருந்துகொண்டே மத்தியப் போலீசுக்குத் துப்பு எழுதியவன். நேற்று எல்லாருக்கும் சிறை. இன்று மத்தியானப் பஸ்ஸில் அவன் ஊரை விட்டே போகிறான். போகிற வழியில் நன்றியை நேரில் வாங்கிக்கொண்டு போகலாமே என்று வந்திருந்தான்.

குறையில்லாமல் கிடைத்தது. பொரித்த கோழியும் சோள ரொட்டியும் பொட்டலமாக அவன் கைக்கு வந்தன.

“சர்ச்சுக்குக் குண்டு வைக்க இருந்த அன்னிக்கு உள்ளே நாற்பது குழந்தைங்க சார். எம் பொண்ணும் இருந்தா. உங்க கடிதம் போய்ச் சேர்ந்ததாலதான் போலீஸ் முன்கூட்டியே வந்துது. நீங்க நல்லா இருக்கணும்.” ஒடெஸா இடுப்பில் கட்டியிருந்த ஏப்ரனால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வெண்டெலுக்குப் பெருமையில் சட்டைப் பொத்தான் தெறிக்காத குறை. “எல்லாத்துக்கும் மூளை வேணும், ஒடெஸா! மூணு வருஷத்துல ஒருத்தனுக்காவது துளி சந்தேகம் வந்துதா?”

“வந்துது சார்.”

“என்னது?”

“போன வருஷமே கிளைபோர்ன் துரை என்னைக் கூப்பிட்டார். ‘எவன் அங்கிப் பையில காகிதம் இருந்தாலும் நேரா எங்கிட்ட கொண்டு வா. உனக்குத்தான் படிக்கத் தெரியாதே’ன்னார். சரிங்க துரைன்னு தலையாட்டிட்டு வந்தேன்.”

“அப்புறம்... ஏதாவது கிடைச்சுதா?”

ஒடெஸா ஒரு போர்வையை உதறிக் கொடியில் போட்டாள்.

“உங்களுக்கு மறதி ஜாஸ்தி சார். ஸ்டாம்ப் ஒட்டின கவரை அங்கியிலேயே விட்டுட்டு ஆறு தடவை துவைக்கப் போட்டீங்க, சர்ச் குண்டு பத்தி எழுதினதையும் சேர்த்து. ஆறையும் படிச்சுப் பார்த்துட்டு, திரும்ப ஒட்டி, நான்தான் தபால்ல போட்டேன்.”