மெழுகுவர்த்தி சொன்ன கார்த்திகை

பனி கொட்டுகிற ஏதோ ஒரு தூர தேசம். அங்கே ஒரு சமையலறை இழுப்பறைக்குள், சாக்ஸில் சுருட்டி விமானத்தில் கொண்டுவந்த அகல்விளக்கு ஒன்று, பாதி எரிந்த பிறந்தநாள் மெழுகுவர்த்தியின் பக்கத்தில் படுத்திருந்தது.

"நாளைக்குக் கார்த்திகை. முதல் தடவையா எரியப் போறேன்," என்றது அகல்.

"புதுசா? அண்ணன் சொல்றேன், கேட்டுக்கோ," என்றது மெழுகுவர்த்தி, தொண்டையைச் செருமிக்கொண்டு. "நான் ஏழு கேக் பார்த்தவன். ஏத்துவாங்க. பாடுவாங்க. பாட்டு முடிஞ்சதும் இந்த வீட்டுப் பொண்ணு கன்னத்தை உப்பி ஒரே ஊது. அவ்ளோதான் நம்ம வாழ்க்கை."

அகல் இழுப்பறையின் மூலைக்கு ஒதுங்கிக்கொண்டது.

மறுநாள் சாயங்காலம் அம்மா எண்ணெய் ஊற்றித் திரி போட்டு, ஜன்னலோரம் அதை ஏற்றிவைத்துப் பாடினாள். பாட்டு முடிந்தது. சிறுமி யாழினி கன்னத்தை உப்பினாள்.

இழுப்பறைக்குள் பாட்டை மட்டும் கேட்டுக்கொண்டிருந்த மெழுகுவர்த்தி, "போச்சு," என்றது.

"ஏய் யாழினி, ஊதாதேடி," என்று கைப்பேசித் திரையிலிருந்து அத்தை பதறினாள். அவளுக்குப் பின்னால், ஊர் வாசலில், வரிசையாக அகல்கள் எரிந்தன. "விளக்கை வாயால அணைக்கக் கூடாது. எண்ணெய் தீர்ந்து அதுவா குளிரட்டும்."

யாழினி மூச்சை மெல்ல விட்டாள். கையில் மோவாயைத் தாங்கிக்கொண்டு அகலின் முன்னால் உட்கார்ந்தாள். வெளியே சத்தமில்லாமல் பனி விழுந்தது. அவள் கண்களில் சுடர் இரண்டாக மிதந்தது.

வெகுநேரம் கழித்து இழுப்பறைக்குள்ளிருந்து ஒரு சின்னக் குரல் வந்தது.

"தம்பி, பாட்டு முடிஞ்சப்புறம் அவ முகம் எப்படி இருக்கு? நான் பார்த்ததே இல்லை."