எட்டாவது துளை

தேவிப்பிரியா உள்ளே வந்ததும் பச்சியப்பன் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

சாப்பாட்டு நேரத்தில் பேட்டரி அறையில் இவனுக்கு என்ன வேலை?

"சும்மா தூசி தொடச்சேனுங்க மேடம்" என்றவன் விடுவிடுவென்று வெளியே போய்விட்டான். முழியே சரியில்லை.

மாரண்டஹள்ளியைத் தாண்டி, தக்காளித் தோட்டங்களுக்கு நடுவே இருந்தது அந்த ஷெட். மின்சாரத்தில் பறக்கும் குட்டி விமானத்துக்கு அங்கேதான் பேட்டரி கட்டினார்கள். நானூறு வோல்ட். அதை நம்பித்தான் நாளைக் காலை பைலட் அருள்குமார் மேலே ஏறப்போகிறான். அவன் மனைவிக்கு இது ஏழாம் மாதம்.

'பறக்கலாம்' என்று கையெழுத்துப் போட வேண்டியவள் தேவிப்பிரியா.

பச்சியப்பன் போன வாரம் ஓசூரில் வேறொரு கம்பெனிக்கு இன்டர்வியூ போய்வந்தது அவள் காதுக்கு எட்டியிருந்தது. போகிறவன் சும்மா போவானா?

டார்ச் அடித்து பேட்டரிப் பெட்டியைச் சுற்றிப் பார்த்தாள். பின்பக்கம் வரிசையாக எட்டுத் துளைகள். உள்ளே சூடு மீறினால் புகை வெளியேற அது ஒன்றுதான் வழி. அடைபட்டால் பெட்டியே வெடித்துவிடும்.

ஏழு துளைகள் சுத்தமாக இருந்தன. எட்டாவதில் மஞ்சளாக ஏதோ அப்பியிருந்தது.

படுபாவி! இன்னும் பத்து நிமிஷம் விட்டிருந்தால் எட்டையும் அடைத்திருப்பான்.

உடனே மேனேஜர் வீரமணிக்குப் போன் போட்டாள். "பச்சியப்பன கேட்லயே நிறுத்தி வைங்க சார். பையைச் சோதனை போடுங்க."

பிறகு கையுறை மாட்டிக்கொண்டு அந்த மஞ்சளைச் சுரண்டினாள். காய்ந்து பொலபொலவென்று உதிர்ந்தது. அதில் ஒரு துளி சிவப்பு.

முகர்ந்து பார்த்தாள்.

சந்தனம்.

போன திங்கட்கிழமை ஆயுத பூஜை. பொட்டு வைக்கவே செய்த மாதிரி வரிசையாக எட்டு வட்டம். ஒன்று விடாமல், மோதிர விரலால் அழுத்தி அழுத்தி வைத்தவள் அவள்தான். போட்டோகூட எடுத்து குரூப்பில் போட்டாளே!

போன் அடித்தது. வீரமணி.

"பையில ஒண்ணுமில்லீங்க மேடம். கையிலதான் ஒரு ஊக்கும், டிஷ்யூ பேப்பர்ல மடிச்ச சந்தனமும் இருந்துச்சு. துளையெல்லாம் அடைச்சிருந்துச்சு, நோண்டி எடுத்தேங்கறான். யாரு வெச்சதுன்னு கேட்டா மட்டும், தெரியலைங்கன்னு சாதிக்கிறான்."

அவள் குரூப்பைத் திறந்து அந்த போட்டோவைத் தேடி எடுத்தாள்.

அன்று சந்தனக் கிண்ணத்தை ஏந்திக்கொண்டு, எட்டுப் பொட்டு வைத்து முடிக்கும்வரை அவள் பக்கத்திலேயே நின்றவன் பச்சியப்பன்தான்.